நாலு பெல்ட்

நான் கொத்தன் இல்லை, ஓடு பதிப்பவனும் இல்லை.
தவசிலிங்கம் காண்ட்ராக்டரிடம்
எக்ஸெல் வண்டி ஓட்டுகிறேன்.
சிமெண்டு, ஆணி, டீ, சனிக்கிழமை சம்பளக் கவர்.
அன்றைக்கு அரிசிச் சாக்கில் நாலு பெல்ட்.

விரகனூரில் ஒரு மாடிவீடு, ஆனையூரில் ஒன்று,
நாகமலைப் பக்கம் இன்னொன்று.
எல்லாம் இப்போதைய மோஸ்தரில் சரிந்த கூரை,
மேலே சிவப்பு ஓடு.
ஏறுகிற ஆள் பதினொன்று.
கூடல்நகரில் வேறு யாரோ சறுக்கி விழுந்த பிறகு
வாங்கிய பெல்ட் நாலு.
பில்லை மட்டும் சட்டம் போடாத குறையாக
வைத்திருக்கிறார் முதலாளி.

ஆய்வாளர் ஜீப் முதலில் விரகனூர் வந்தது.
எஸ்தர் மேடம். கான்வாஸ் ஷூ.
ஏணியில் தானே ஏறுகிற ஆள்.
செவனாண்டி, மொக்கராசு, இன்னும் இரண்டு பேர்
முகட்டில் பெல்ட்டோடு நின்றார்கள்
போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி.
கொக்கி?
அது அவரவர் பெல்ட்டிலேயே மாட்டிக் கிடந்தது.
தன் சட்டையைத் தானே பிடித்துக்கொண்டு
கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல.
பார்த்தார். எழுதினார்.
தண்ணித்தொட்டித் தூணில் கயிறு கட்டச் சொல்லி
கட்டி முடிக்கும்வரை நின்றார்.

ஜீப் கிளம்பியதும் என் போன் அடித்தது.
"அடுத்து ஆனையூராம். முந்திப் போ."

கழற்றித் தரும்போது செவனாண்டி கேட்டான்,
"அப்ப எங்களுக்கு?"
"அதான் அம்மா போயாச்சுல்ல."
நான்தான் சொன்னேன் அதை.

தெப்பக்குளம். சந்து சந்தாகப் புகுந்து
கோரிப்பாளையம் சிக்னலில் ஜீப்புக்குப் பின்னால் நின்று
பச்சை விழுமுன் தாண்டி, ஆனையூர்.
ஓட்டு லாரி வரவில்லை அங்கே,
பயல்கள் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.
பள்ளிக்கூடப் பை மாட்டுவதுபோல
ஒவ்வொருத்தனுக்கும் மாட்டிவிட்டேன்.

மேடம் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார்.
ஜெயக்கொடி இடுப்பில் கை நின்றது.
விரலை விரலோடு தேய்த்தார்.
"சட்டை காஞ்சிருக்கு, பெல்ட் நனைஞ்சிருக்கு.
இது யாரு வேர்வை?"

ஒருத்தரும் பேசவில்லை.
அவர் கண் என் வண்டியின் காலிச் சாக்கில் வந்து நின்றது.
கத்துவார் என்று நினைத்தேன்.
"அந்த ஆளு இடுப்புல இப்ப என்னப்பா இருக்கு?"

அரைஞாண் கயிறு.
வாய்க்குள்ளேயே சொன்னேன்.
பெல்ட் கழற்றுகையில் சட்டை ஏறியபோது பார்த்தது.
சாயம் போன சிவப்பு,
அதில் வீட்டுச் சாவி ஒன்று தொங்கியது.

முதலாளிக்குப் போன் போட்டார்,
விரகனூரில் ஆளை இறக்கச் சொன்னார்.
"சரிங்க மேடம்" என்றது எனக்கே கேட்டது.
அந்தச் 'சரிங்க'வை ஆறு வருஷமாகத் தெரியும் எனக்கு.
சாக்கைக் கட்டினேன். யாரும் தடுக்கவில்லை.

கோரிப்பாளையத்தில் சிவப்பு.
தொண்ணூறு, எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு.
எண்கள் இறங்கிக்கொண்டே போவதைப்
பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

செவனாண்டி முகட்டில்தான் இருந்தான்.
குத்துக்காலிட்டு ஓடு ஒன்றைத் தட்டியபடி
திரும்பாமலே கேட்டான்,
"என்ன, மறுபடி வர்றாங்களா?"

இறங்கச் சொன்னால் அரைச் சம்பளம். இறங்கமாட்டார்கள்.

"ஆமா" என்றேன். "வழியில இருக்காங்க.
மாட்டுங்க. கொக்கிய அந்தத் தூணுக் கயித்துல."

சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்கள்.
தெப்பக்குளத்துல நிக்கிறாங்களாம் என்றேன்.
மூணு மணிக்குக் கேட்டார்கள்.
பாலம் தாண்டியாச்சாம்.
மொக்கராசு சிரித்தான், ஆனால் கழற்றவில்லை.
முதலாளி பதினாறு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

ஐந்தரைக்குக் கடைசி ஆள்
ஏணியை விட்டுக் கால் எடுக்கும்வரை
அந்த அம்மா வந்துகொண்டே இருந்தார்.